மழை இல்லாத மாதத்தில் புங்கமரம் தளிர்ப்பது ஏன்?

மாசி பாதி கழிந்ததும், கடலூர் மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் வாசலில் புங்கமரம் நிற்கும் வீட்டில் காலையில் பெருக்கினால் பத்து மணிக்கு மறுபடி பெருக்க வேண்டியிருக்கும். பழுத்த இலை அப்படிக் கொட்டும். இரண்டு வாரத்தில் மரம் கிட்டத்தட்ட மொட்டை. அடுத்த பத்து நாளில் அதே கிளையில் செம்பு நிறத்தில் தளிர், பிறகு கிளிப்பச்சை. பங்குனி முடிவதற்குள் அடியில் புது நிழல் விழுந்துவிடும். இதற்கிடையில் ஒரு தூறல்கூடப் போட்டிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது சும்மா இருந்த மரம், வானம் வறண்டுகிடக்கும்போது ஏன் தளிர்க்கிறது?

இதற்குப் பதில் தெரிந்தால் நம் ஊர் வசந்தத்தில் பாதி புரிந்துவிடும். அந்தத் தளிரைத் தின்ன யார் வருகிறார்கள், வந்தவர்களைத் தின்ன யார் வருகிறார்கள் என்பது மீதிப் பாதி. எது எந்த நாளில் நடக்கிறது, ஒன்று மற்றொன்றை எப்படி இழுத்துக்கொண்டு வருகிறது என்று தேதி போட்டுப் பார்க்கும் அறிவியலுக்குப் பீனாலஜி என்று பெயர். தமிழில் பருவக்குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். பெயர்தான் பெரிது. ஒரு நோட்டும் ஒரு மரமும் இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

இலைதான் செலவு

குளிர்நாட்டு வசந்தம் வெயிலால் வருகிறது. பனி உருகி, மண் சூடேறி, மரம் விழிக்கும். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கடற்கரை ஊரில் அந்தப் பனி எட்டு மணி வெயிலுக்கு மேல் தாங்காது. இங்கே வெயிலுக்கு எந்த மாதத்திலும் பஞ்சமில்லை. குறைவதும் கூடுவதும் தண்ணீர்தான்.

புதுச்சேரியில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடும். அதனால் தை, மாசியில் மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும், ஆழத்தில் ஈரம் நிறைய இருக்கும். கிணற்று நீர்மட்டமும் அப்போதுதான் மேலே நிற்கும். புங்கனும் வேம்பும் ஆழ வேர் விடும் மரங்கள். மழை நின்று இரண்டு மாதம் ஆனாலும் அவற்றுக்குக் கீழேயிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் வருகிற தண்ணீர் மெதுவாக வரும். இதை வீட்டு மேல்தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மோட்டார் மெலிதாக ஏற்றுகிறது; கீழே எல்லாக் குழாயும் திறந்துகிடக்கிறது. தொட்டி எப்படி நிரம்பும்? மரத்தில் திறந்துகிடக்கும் குழாய்கள் பழைய இலைகள். அவற்றின் நுண்துளை வழியே பகல் முழுக்க நீர் ஆவியாகப் போகிறது. ஓர் ஆண்டு உழைத்த இலையில் துளையைச் சரியாக மூடவும் முடிவதில்லை. மரம் அந்த இலையில் உள்ள சத்தை முடிந்தவரை உள்ளே இழுத்துக்கொண்டு (இலை மஞ்சளாவது அதனால்தான்), காம்படியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்த்து, உதிர்த்துவிடுகிறது. குழாய் மூடியாயிற்று. சில நாளில் அடிமரமும் கிளையும் நீரேறி நிறைகின்றன. மொட்டு உடைய அந்த நிறைவு போதும். மேலேயிருந்து மழை வேண்டாம். பகல் நேரம் கூடுவதையும் சில மரங்கள் உணர்கின்றன. நம் ஊரில் மார்கழியின் மிகக் குறுகிய பகலுக்கும் ஆனியின் மிக நீண்ட பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நமக்கு அது உறைக்காது, மரத்துக்கு உறைக்கும்.

ஏன் மழை வரும்வரை காத்திருக்கவில்லை என்றால், மழையோடு பூச்சியும் பெருகும். இலை மென்மையாக இருக்கும் இரண்டு வாரத்தை வறண்ட மாதத்தில் கழித்துவிட்டால், முதல் இடிமழை வரும்போது இலை முற்றி, தடித்து, தயாராக நிற்கும். மேகம் மறைக்காத வெயிலும் பங்குனி, சித்திரையில்தான் கிடைக்கும். புது இலைக்கு அதைவிட நல்ல நேரமில்லை.

பழந்தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. மரத்தின் இளவேனில் பின்பனியிலேயே தொடங்கிவிடுகிறது. சித்திரை முதல் தேதி நோட்டைத் திறந்தால் முக்கால் படம் முடிந்தபிறகு கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மாசி முதல் வாரத்தில் தொடங்குங்கள்.

எந்த மரத்தைப் பிடிப்பது

முதல் ஆண்டுக்கு ஒரே மரம் போதும், அது புங்கனாக இருப்பது நல்லது. கூட்டிலையில் ஐந்து முதல் ஒன்பது வரை ஒற்றைப்படையில் சிற்றிலைகள், நுனியில் ஒன்று தனியாக. தட்டையான, நுனி வளைந்த காய்க்குள் பெரும்பாலும் ஒரே விதை. இலையைக் கசக்கினால் பச்சைநெடி. இந்த அடையாளம் போதும். பூவரசும் தெருவுக்குத் தெரு நிற்கிறது, ஆனால் அது ஆண்டு முழுக்க ஒன்றிரண்டாக இலை மாற்றும். தொடக்கக்காரருக்கு எது தொடக்கம், எது முடிவு என்றே தெரியாது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் போன்ற இடங்களில் காயா, வீரை முதலான பசுமை மாறாத மரங்கள் உண்டு. அழகான காடு, பழகிய பிறகு போங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். குழாயடி, சாக்கடை, தினம் தண்ணீர் பாயும் தோட்டம் ஆகியவற்றின் பக்கத்தில் நிற்கிற மரம் இலை உதிர்ப்பதையே தள்ளிப்போடும், சிலசமயம் முழுதாக உதிர்க்காது. மின்கம்பிக்காகக் கிளை கழித்த மரம் வெட்டிய இடத்தில் எந்த மாதத்திலும் தளிர்விடும். அந்தத் தளிர் காயத்துக்குப் பதில், பருவத்துக்குப் பதில் அல்ல. தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் உப்புக்காற்று கிழக்குப் பக்கத்துத் தளிர் நுனியைக் கருக்கிவிடும். வேறு வழியில்லாமல் அப்படியொரு மரம்தான் கிடைத்தால் மேற்குப் பக்கக் கிளைகளை மட்டும் பாருங்கள், அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

புயலும் கணக்கைக் குழப்பும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்படிப் பெருங்காற்று இலையை உரித்துவிட்டால், பிழைத்து நிற்கும் மரம் பருவத்துக்குக் காத்திராமல் சில வாரத்தில் துளிர்க்கும். மாசி வருவதற்குள் தையிலேயே தளிர் என்று மகிழ்ந்து எழுதுவது பெரும் பிழை. புயலாண்டுக் குறிப்பைத் தனியாக வைக்க வேண்டும், மற்ற ஆண்டோடு ஒப்பிடக்கூடாது.

தளிருக்குப் பக்கத்தில்

கை எட்டும் உயரத்தில் ஐந்து கிளை நுனிகளில் நிறத் துணிக்கிழிசல் கட்டிக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், கிளை பருக்கும்போது அறுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, இலையை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலர் லென்ஸை இலைக்குப் பக்கத்தில் வைத்துத் தாங்கள் எட்ட நின்று பார்த்து, மங்கலாக இருக்கிறது என்பார்கள்.

தளிர் வந்த முதல் நான்கைந்து நாள் சிற்றிலைகள் வாடின மாதிரி தொங்கும். வாடவில்லை; நரம்பு இன்னும் விறைக்கவில்லை, அவ்வளவுதான். நிறம் செம்பு. பச்சையம் இன்னும் ஏறாததும், மேலே சிவப்பு நிறமி பூசியிருப்பதும் காரணம். இந்த நிலையில் இலை விரல்நகத்தில் கிழியும். இரண்டு வாரம் கழித்து அதே இலையை மடித்தால் முறியும். பெரும்பாலான புழுக்களின் வாய்க்கு இந்த இடைப்பட்ட நாட்களில்தான் இடம்.

அந்த நாட்களில் பழுப்பு நிறத்தில், வேகமாக, விர்ரென்று வெட்டி வெட்டிப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி மரத்தைச் சுற்றும். உட்கார்ந்து இறகை மூடினால் பின்னிறகின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. பூவுக்கு வரவில்லை, பூவே இன்னும் இல்லையே. முட்டைக்கு இடம் தேடுகிறது. தளிர் நுனியாகப் பார்த்து முட்டை வைக்கும். நாலைந்து நாள் கழித்து, மடித்த வெற்றிலை போலப் பட்டுநூலால் இழுத்து ஒட்டிய சிற்றிலை தெரிந்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பெரிய தலையும் ஒடுங்கிய கழுத்துமாக ஒரு புழு. கழுத்தில் இந்த இடுக்கு இருந்தால் அது தாவிப் பறக்கும் இந்த வகைக் குடும்பம் என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். பார்த்துவிட்டு இலையை மடித்தே விடுங்கள். திறந்து போட்டால் எறும்பு விடாது. சில ஆண்டு இந்தப் புழு மரத்தையே மொட்டையடித்துவிடும். மருந்தடிக்க ஓட வேண்டியதில்லை. மரம் இன்னொரு சுற்றுத் தளிர்விடும். அந்தத் தளிரையும் எழுதுங்கள், ஆனால் 'இரண்டாம் சுற்று' என்று குறிபோட்டு.

பூமொட்டிலும் தளிரிலும் அட்டை போலத் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் சிறு புழு இன்னொன்று. நீலம் கலந்த வெள்ளை நிறத்தில், பின்னிறகில் மயிரிழை வாலோடு வரும் சின்ன வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. கண்ணால் தேடினால் கிடைக்காது. எறும்பைத் தேடுங்கள். நாலைந்து எறும்பு ஒரு மொட்டைச் சுற்றி நகராமல் நின்று கொம்பால் தடவிக்கொண்டிருந்தால், அந்தப் புழுவின் முதுகுச் சுரப்பியில் கசியும் இனிப்புக்குத்தான் நிற்கின்றன. கூலி வாங்கிக்கொண்டு காவல் காக்கும் எறும்புகள்.

பங்குனிக் கடைசியில் இலை மேல் சின்னச் சின்ன முளைகள், வேர்க்குரு போல, கிளம்பும். ஓர் இலையில் நூறு கூட இருக்கும். பூச்சி முட்டை என்று சுரண்டிப் பார்க்கிறவர்கள் உண்டு; உள்ளே முட்டை இருக்காது. இலையின் தசையே அப்படி வீங்கியிருக்கிறது. இலையைத் திருப்பினால் ஒவ்வொரு முளைக்கும் நேர் கீழே ஒரு நுண்வாசல் தெரியும். வாசலுக்குள் வாழ்வது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத, எட்டுக்கால் இனத்தைச் சேர்ந்த, ஆனால் நான்கே கால் வைத்துள்ள ஒரு சிலந்திப்பேன். பிளேடால் முளையைக் குறுக்கே அறுத்து, வெயிலில் லென்ஸால் பார்த்தால், வெண்தூசி நகர்வது போலத் தெரியலாம். தெரியாவிட்டால் உங்கள் கண்ணில் குறையில்லை. தளிர் நிலையில் அது கடித்துச் செலுத்தியதற்கு இலை தன் செல்லைப் பெருக்கிக் கட்டிக்கொடுத்த வீடு இந்த முளை. முற்றிய இலையில் புது முளை கிளம்புவதில்லை. ஆகவே முளையைப் பார்த்தே, அந்த இலை தளிராக இருந்தபோது பேன் அங்கே இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லலாம்.

கண்ணுக்குத் தப்புகிறவற்றைப் பிடிக்க ஒரு பழைய குடை போதும். வெளிர்நிறக் குடையை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கடியில் பிடித்து, கிளையைத் தடியால் மூன்று தட்டு, சட்டென்று. மெதுவாக ஆட்டினால் எல்லாம் இறுகப் பிடித்துக்கொள்ளும். குடையில் விழுந்ததை எண்ணி எழுதிவிட்டு இலையிலேயே கவிழ்த்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் செய்தால் பூச்சி விறைத்திருக்கும். பத்து மணிக்கு மேல் விழுந்ததில் பாதி பறந்துபோகும். முருங்கைக்கு மட்டும் இந்தக் குடை வேலை வேண்டாம். கம்பளிப்பூச்சி விழுந்தால் அன்றைய பொழுது அரிப்போடு போகும்.

பூ, பிறகு ஒரு பெரிய ஏமாற்று

பங்குனி நடுவில் தொடங்கி வைகாசி வரை புங்கம்பூ. காலையில் மரத்தடி முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொரி சிதறியிருக்கும். இந்த ஒப்பு பழந்தமிழ்ப் பாட்டிலேயே உண்டு. அவரைப்பூ அமைப்பு. கீழிதழ் இரண்டும் சேர்ந்து படகு போல மகரந்தத்தை மூடியிருக்கும். படகை அமுக்கித் திறக்க எடை வேண்டும், வலு வேண்டும். மரத்தைத் துளைத்துக் கூடு செய்யும் அந்தப் பெரிய கருவண்டு, சரியாகச் சொன்னால் தச்சன் தேனீ, அமுக்கினால் படகு இறங்கி, மகரந்தம் அதன் வயிற்றடியில் அப்பும். வீட்டுத் தேனீயும் வரும். வேப்பம்பூவில் மொய்க்கும் கொசுத்தேனீக்கு இந்தக் கதவு கனம்.

பூ உதிர்ந்து ஒரு வாரம் கழித்துப் பூங்கொத்தில் பச்சைமிளகு போல உருண்டை உருண்டையாகத் தெரியும். உடனே "காய் பிடித்துவிட்டது" என்று எழுதிவிடுவார்கள். புங்கங்காய் ஒருநாளும் உருண்டையாக வராது, பிஞ்சிலிருந்தே தட்டை. இந்த உருண்டை, பூவுக்குள் ஒரு சிற்றீ வைத்த முட்டையால் சூல்பை வீங்கினது. நெல்லில் ஆனைக்கொம்பன் என்று நம் விவசாயிகள் திட்டுவார்களே, அந்த ஈயின் குடும்பம்தான். ஓர் உருண்டையை நகத்தால் பிளந்தால் புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் ஈ பறந்துவிட்டது. காய்க் கணக்கில் இதைச் சேர்த்தால் உங்கள் குறிப்பு முழுவதும் வீண்.

இன்னொரு தடுமாற்றம்: பூக்கும்போதே கிளையில் பழுப்பு நிறக் காய் தொங்கும். அது போன ஆண்டுக் காய். புங்கங்காய் முற்றப் பத்துப் பதினொரு மாதம் எடுக்கும். அதனால் நோட்டில் காய்க்கு இரண்டு கட்டம் தேவை, 'பிஞ்சு' ஒன்று, 'பழைய காய்' ஒன்று.

பறவை ஏன் இப்போது கூடு கட்டுகிறது

முருங்கைக் கிளையிலோ துணி உலர்த்தும் கொடியிலோ குப்பை தொங்குவது போல ஒரு பை. சிலந்தி நூலால் சருகும் மரப்பட்டையும் புழுவின் எச்சமும் ஒட்டித் தைத்தது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூடு. தேன்சிட்டு தேன் குடிக்கும் பறவைதான். ஆனால் தேனில் இனிப்பு உண்டு, சதை வளர்க்கும் புரதம் கிடையாது. குஞ்சுக்கு அது சிலந்தியையும் மென்புழுவையும்தான் ஊட்டும். தையல்சிட்டும் மாம்பழச்சிட்டும் சின்னான்களும் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியே கொடுக்கும். தளிர் வந்து இரண்டு வாரத்தில் புழு. புழு பெருகும் வேளையில் குஞ்சு வாய் திறக்க வேண்டும். கூட்டருகே ஐந்தடிக்குள் போகாதீர்கள். எட்ட உட்கார்ந்து அரைமணி நேரத்தில் எத்தனை முறை ஊட்ட வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். நாம் விலக்கிய இலை வழியே காகம் பார்த்துவிடும்.

குயிலைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. "குயில் வந்துவிட்டது" என்பது ஒன்று. குயில் எங்கும் போகவில்லை, ஆண்டு முழுக்க இங்கேதான் இருந்தது. ஆண்குயிலின் கூவல்தான் மாசியில் சூடு பிடிக்கிறது. எனவே நோட்டில் 'முதல் வருகை' என்று எழுதாமல் 'முதல் கூவல்' என்று எழுதுங்கள். கூவுவது கருநிறச் செங்கண் ஆண். புள்ளி போட்ட பழுப்புப் பெண் "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு ஓடும். காகம் சுள்ளி பொறுக்கத் தொடங்கும் நாளைக் குயிலின் பக்கத்தில் எழுதிவையுங்கள், காரணம் உங்களுக்குத் தெரியும். குயில் முட்டை பதின்மூன்று நாள் அளவில் பொரியும், காக்கை முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதல். இரண்டாவது தவறு, குயில்குஞ்சு காக்கைக்குஞ்சைத் தள்ளிக் கொன்றுவிடும் என்பது. ஐரோப்பிய வகைக் குயிலின் பழக்கம் அது. நம் ஊர்க் குயில்குஞ்சு காக்கைக்குஞ்சுகளோடு ஒரே கூட்டில் வளர்வதைப் பல இடத்தில் பார்க்கலாம்.

உச்சி வெயிலில் "டொக் டொக் டொக்" என்று பித்தளைப் பாத்திரம் தட்டுவது செம்மார்புக் குக்குறுவான். நிமிடத்துக்கு நூறு தட்டுக்கு மேல் போகும். பட்ட கிளையில் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கும். பட்ட கிளையெல்லாம் அசிங்கம் என்று வெட்டிவிடும் தெருவில் அதன் சத்தமும் இருக்காது.

இதே நாட்களில் கிளம்பிப்போகிறவர்களும் உண்டு. தோட்டத்தில் "செக்... செக்" என்று புதருக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும் நாணல் கதிர்க்குருவி, மாங்குயில், தகைவிலான், ஊசுடு ஏரியில் குளிர்காலம் கழித்த வாத்துகள் எல்லாம் சித்திரைக்குள் வடக்கே போய்விடும். போகும் தேதியைப் பிடிப்பது வரும் தேதியைவிடக் கடினம், ஏனென்றால் இல்லாததை யாரும் உடனே கவனிப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் "இன்று கேட்டது" என்று எழுதிக்கொண்டே வந்தால் கடைசியாக எழுதிய தேதி தானே பதில் சொல்லும்.

வேம்பும் முந்திரியும்

வேம்பின் கதை ஏறக்குறைய இதேதான். மாசியில் உதிர்வு, செந்தளிர், பங்குனியில் பூ, சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ இருக்கும். ஆனியில் பழம். ஒரு வேறுபாடு முக்கியம்: வேம்பில் கிளை நுனி பழுப்பாகிக் காய்ந்து நிற்பதை இலையுதிர்வு என்று எண்ணிவிடக்கூடாது. உதிர்ந்த கிளை வெறுமையாக இருக்கும். நோயில் பட்ட கிளையில் கருகின இலை ஒட்டிக்கொண்டே நிற்கும். தேயிலைக் கொசு என்னும் உறிஞ்சும் பூச்சி தளிர்க்காம்பில் குத்திவைக்கும், அந்தக் காயத்தில் பூஞ்சணம் ஏறும். கொசு என்று பெயர்தான், கொசு இல்லை, நாவாய்ப்பூச்சி இனம். பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்து முந்திரித் தோப்புக்காரர்களுக்கு இதை நன்றாகத் தெரியும், தளிரும் பூங்கொத்தும் ஒரே வாரத்தில் கருகுவது இதனால்தான். அதே முந்திரியில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இந்தப் பூச்சியை வேட்டையாடும். முசுறு நிறைந்த மரத்தில் கருகல் குறைவாக இருக்கும். கடி வாங்கிக்கொண்டு காய் பறிப்பது வேறு கதை.

நோட்டு

வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம். ஞாயிறு காலை ஆறரை என்றால் ஆறரைதான். ஒரு பக்கத்தில் குறுக்கே வாரங்கள், நெடுக்கே பழுத்த இலை, தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, பிஞ்சு, பழைய காய். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண்: இல்லை என்றால் 0, மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் 1, அதற்கு மேல் என்றால் 2. சதவீதம் போடாதீர்கள். போன வாரம் நாற்பது, இந்த வாரம் நாற்பத்தைந்து என்று எழுதினால் அது உங்கள் மனநிலையின் கணக்காகத்தான் இருக்கும். கட்டத்தை வெறுமையாகவும் விடாதீர்கள். 0 என்றால் பார்த்தேன், இல்லை. வெற்றுக்கட்டம் என்றால் பார்த்தீர்களா என்பதே தெரியாது. ஸீசன்வாட்ச் என்ற இந்திய மக்கள் அறிவியல் திட்டம் ஏறக்குறைய இதே முறையில் வாராந்தரக் குறிப்பு வாங்குகிறது. நோட்டு பழகியதும் அதில் உங்கள் மரத்தைப் பதியலாம். பறவைக் குறிப்புக்கு இபேர்ட் என்ற இணையதளம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் பூச்சியும் பறவையும். பெயர் தெரியாவிட்டால் பெயர் வைக்க அவசரப்படாமல், 'தளிரில் மடிப்பு 7', 'எறும்பு சூழ்ந்த மொட்டு 3', 'இலை முளை உண்டு' என்று கண்டதை எழுதுங்கள். படம் எடுத்தால் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில். கீழே விழுந்த இலையில் கண்ட பூச்சியை அந்த மரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள், காற்று எங்கிருந்தும் கொண்டுவரும்.

கத்திரி வெயில் தொடங்கும்போது மடிப்பு, புழு எல்லாக் கட்டமும் 0 ஆகிவிடும். இலை கருப்பச்சையாகி, விரலில் தட்டினால் காகிதச் சத்தம் கேட்கும். தேன்சிட்டுக் கூடு கிழிந்து தொங்கும். பூங்கொத்தில் நூறு பூவுக்கு ஒன்றிரண்டு தட்டைப் பிஞ்சு, கட்டைவிரல் நகம் அளவுக்கு, தங்கியிருக்கும். அதில் மூன்றுக்கு நூல் கட்டிவையுங்கள். அவை உதிர அடுத்த மாசி ஆகும். அதுவரை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.